ஐஸ் ஹவுஸும் அக்காவின் ப்ரீசரும்

சேலையூரில் அக்கா வீட்டுக் கூடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு ப்ரீசர் நிற்கிறது. மேலே ப்ரீசர், கீழே பிரிட்ஜ் என்ற வழக்கமான வகையல்ல. மேலிருந்து கீழ் வரை எல்லாத் தட்டும் உறைய வைப்பதற்கு மட்டும்தான். வீட்டைக் காலி செய்துகொண்டு வெளியூர் போன ஒரு குடும்பத்திடம் மூன்று வருடத்துக்கு முன் செகண்ட்ஹேண்டில் வாங்கினாள். பாதி வெந்த பரோட்டா, சமோசா, மீன் கட்லெட் என்று செய்து, உறைய வைத்து, சுற்றியிருக்கும் அபார்ட்மெண்ட்களில் வாட்ஸாப் வழியாக ஆர்டர் எடுத்து விற்கிறாள். பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் வருகிறது.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்தாள். “டேய், மேல் தட்டு கல்லு மாதிரி இருக்கு, கீழ இருக்கறதெல்லாம் நெகிழ்ந்து போச்சு. நீ கம்ப்யூட்டர்காரன்தானே, வந்து பாரு.”

எங்கே பழுது

என் வேலை மென்பொருள் எழுதுவது. எந்தக் கோளாறுக்கும் முதலில் செய்வதையே இதற்கும் செய்தேன். ஆஃப் செய்து ஆன் செய்தேன். கம்ப்ரசர் ஓடியது. ஸ்டெபிலைசர் 225 வோல்ட் காட்டியது. கதவு ரப்பருக்கு நடுவில் ஒரு காகிதத்தைச் செருகி இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாகவே பிடித்தது. பின்பக்கம் படிந்திருந்த தூசியை பிரஷ்ஷால் தட்டினேன். அதற்கு மேல் எனக்கு வித்தை தெரியாது.

கம்பெனி சர்வீசுக்குப் பதிவு செய்தோம். வந்தவர் பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்தார், போனில் எதையோ தட்டிப் பார்த்தார். “இந்த மாடல் நின்னு போச்சு சார். பார்ட் வராது. எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்கங்க.” கதவைக்கூட அவர் திறக்கவில்லை. வந்ததற்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். புதுசு என்றால் 30,000 ரூபாய்க்கு மேல். அக்கா சரக்கையெல்லாம் தெர்மாக்கோல் பெட்டிகளில் அடைத்து அக்கம்பக்கத்து பிரிட்ஜ்களில் பிரித்து வைத்தாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலைப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். முப்பது வருடமாக இதே தொழில். நான் சொன்ன நோய்க்குறிகளைக் கேட்டதுமே, “கேஸ் போகல தம்பி. கேஸ் போயிருந்தா மேல் தட்டும் உருகியிருக்கும். பின்னாடி ஐஸ் கட்டியிருக்கும், பாருங்க” என்றார். உட்புறப் பின்பலகையைக் கழற்றியபோது, குளிர்க் குழாய்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே பனிப்பாறை. காற்றைச் சுற்றிவிடும் ஃபேனின் இறக்கை வரை ஐஸ் வந்திருந்தது.

இந்த வகை ப்ரீசரின் உள்ளே நடப்பதை முதன்முறையாக அன்றுதான் புரிந்துகொண்டேன். கதவைத் திறக்கும்போதெல்லாம் நம் ஊர்க் காற்றின் ஈரம் உள்ளே போகிறது. அது குளிர்க் குழாய்களின் மேல் பூம்பனியாகப் படிகிறது. படிந்துகொண்டே போனால் காற்று புக வழியிருக்காது. அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு டைமர் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, குழாய்களுக்கு அடியில் இருக்கும் ஹீட்டரைப் போடுகிறது. பனி உருகி, வடிகுழாய் வழியாகப் பின்னால் இருக்கும் தட்டில் விழுந்து ஆவியாகிறது. உருகி முடிந்ததும் ஹீட்டரை நிறுத்துவது பைமெட்டல் என்ற சின்ன வில்லை. அதுவும் தவறினால் வீட்டைக் காப்பாற்ற ஒரு ஃபியூஸ். அந்த இடத்தின் சூடு 72 டிகிரியைத் தாண்டினால் அது ஒரே ஒருமுறை அறுந்துபோகும். உறைய வைக்கும் பெட்டிக்குள் ஒரு அடுப்பு இருக்கிறது, அதற்கு இரண்டு காவலாளிகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஹீட்டரில் மல்டிமீட்டர் 330 ஓம் காட்டியது. 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 160 வாட், அது நன்றாகவே இருந்தது. ஃபியூஸ் அறுந்திருந்தது. அண்ணன் அதோடு விடவில்லை. “ஃபியூஸ் சும்மா போவாது. எவனோ அனுப்பியிருக்கான்” என்று, ஐஸில் உப்பைக் கலந்து அதில் பைமெட்டலை முக்கினார். மீட்டர் ‘பீப்’ என்றது. வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினார். சத்தம் நிற்க வேண்டும், ஆனால் நிற்கவில்லை. வில்லை ஒட்டிக்கொண்டுவிட்டது. அதனால் ஹீட்டர் அளவுக்கு மீறி எரிந்து ஃபியூஸ் போயிருக்கிறது. ஃபியூஸ் போனதால் பனி உருகவில்லை.

“அண்ணே, இப்போதைக்கு ஃபியூஸை டைரக்ட் குடுத்துடலாமா?” என்று கேட்டேன். இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டால் அன்றைக்கே ஓடும்.

“குடுத்துடலாம். ராத்திரி இதே கூடத்துலதானே புள்ளைங்க தூங்குது?” என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

கம்பெனியில் இந்த இரண்டு வில்லைகளையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, தங்களுக்கே உரிய ஒரு கனெக்டரையும் மாட்டி, ஒரே பாகமாக ஓர் எண் கொடுத்து விற்றிருக்கிறார்கள். செத்துப்போனது அந்த எண் மட்டும்தான். உறையைக் கத்தியால் கீறிப் பார்த்தால் உள்ளே இருப்பது உலகம் முழுக்கக் கிடைக்கும் சாதாரண ஃபியூஸ். அதன் வயிற்றில் 72 டிகிரி, 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சடித்திருந்தது.

கடல் வழி வந்த குளிர்

பழைய பாகங்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தாம்பரத்தில் ரயில் ஏறினேன். ரிச்சி தெருவில் இரண்டாவது கடையிலேயே ஃபியூஸ் கிடைத்தது. பைமெட்டலுக்கு அண்ணா சாலையைத் தாண்டி, ஏசி, பிரிட்ஜ் சாமான் விற்கும் ஒரு சந்துக்கு அனுப்பினார்கள். கடைக்காரர் மாடல் எண்ணைக் கேட்கவே இல்லை. பழையதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இரண்டும் சேர்த்து 300 ரூபாய்கூட ஆகவில்லை.

வெயில் தாழட்டும் என்று கடற்கரைப் பக்கம் பஸ் ஏறினேன். “ஐஸ் ஹவுஸ் எறங்கு” என்று கண்டக்டர் குரல் கொடுத்தபோது நானும் இறங்கிவிட்டேன். நூறு தடவை கேட்ட பெயர். சட்டைப் பையில் பைமெட்டலோடு கேட்டபோதுதான் அந்தப் பெயரில் இருக்கும் பொருள் உறைத்தது.

பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர். ஊர்க் குளங்களில் குளிர்காலத்தில் சும்மா கிடைக்கும் ஐஸை வெட்டிச் சூடான நாடுகளுக்கு விற்கலாம் என்று நினைத்தவர். 1806இல் முதல் கப்பலை கரீபியத் தீவான மார்த்தினிக்குக்கு அனுப்பினார். அதில் நஷ்டம். பிறகு வருடக்கணக்கில் அவர் செய்ததெல்லாம் பழுது பார்க்கும் வேலைதான். எந்தப் பொருளால் சுற்றிப் பொதிந்தால் குறைவாக உருகும்? உருகிய தண்ணீரை எப்படி வெளியேற்றுவது? மரத்தூள் நல்ல காப்பு என்று கண்டுகொண்டார்கள். மர அறுப்பு ஆலைகளில் அது குப்பை. குதிரை இழுக்கும் கலப்பை போன்ற கருவியால் ஐஸை ஒரே அளவுக் கட்டிகளாக அறுக்க நத்தானியல் வையத் என்பவர் வழி செய்தார். ஒரே அளவென்றால் நெருக்கி அடுக்கலாம், இடைவெளி குறைந்தால் உருகுவதும் குறையும். அக்காவின் ப்ரீசர் சுவருக்குள் இருக்கும் ஃபோமும், கதவு ரப்பரும், வடிகுழாயும் செய்யும் வேலை அதேதான்.

1833இல் ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து கிளம்பி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இரண்டு தடவை கடந்து, நான்கு மாதத்தில் கல்கத்தா வந்தது. அப்போதும் சுமார் 100 டன் உருகாமல் இருந்தது. 1842இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் கிடங்கு எழுந்தது. படகில் கரைக்கு வந்த அமெரிக்கக் குளத்து நீர் இங்கே வெள்ளைக்காரர்களின் கோப்பைகளிலும், காய்ச்சல்காரர்களின் நெற்றியிலும் உருகியது. தன் குளத்து ஐஸ் சென்னைக்குப் போவதைத் தோரோகூட ‘வால்டன்’ நூலில் வியந்து எழுதியிருக்கிறார்.

அது முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் மேல் நடந்தது. 1874இல் சென்னையில் இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி வந்தது. நீராவி இயந்திரத்தைக் கொண்டு ஐஸை இங்கேயே உற்பத்தி செய்தார்கள். கப்பல் ஐஸுக்கு அதோடு முடிவு. கிடங்கை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, ஜன்னலும் வராந்தாவும் வைத்து வீடாக மாற்றி, ‘காஸில் கெர்னன்’ என்று பெயரிட்டார். 1897இல் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். பின்பு அரசு வாங்கியது. சகோதரி சுப்புலட்சுமியின் இளம் விதவையர் இல்லம் அங்கே இயங்கியது. இன்று அது விவேகானந்தர் இல்லம். பஸ் கண்டக்டர்களுக்கு மட்டும் இன்னும் ஐஸ் ஹவுஸ்.

எதிரே நின்று பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். இந்த ஊருக்குக் குளிர் எப்போதும் வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது. அந்த முனையில் இருப்பவன் கையை எடுத்துவிட்டால், இந்த முனையில் இருப்பவனிடம் மிஞ்சுவது ஒரு கட்டடம் அல்லது ஒரு பெட்டி. அதை எத்தனை நாள் உயிரோடு வைத்திருக்க முடியும் என்பதை இந்த முனையில் இருக்கும் ஒருவரின் கைதான் தீர்மானிக்கிறது.

கேஸ் மாறிய கதை

ஐஸ் ஆலைகளிலிருந்து வீட்டுக்குள் குளிர் வர இன்னும் ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது. 1920களின் பிரிட்ஜ்களில் மெத்தில் குளோரைடு, சல்ஃபர் டையாக்சைடு போன்ற வாயுக்கள் இருந்தன. கசிந்தால் விஷம். அந்தப் பயத்தைப் போக்க, அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் மிட்க்லி 1928 வாக்கில் எரியாத, விஷமில்லாத குளோரோஃபுளோரோகார்பன்களைக் கொண்டுவந்தார். மெக்கானிக் பாஷையில் ஆர்-12. இந்தியாவில் 1958இல் கோத்ரெஜ் பிரிட்ஜ் தயாரிக்கத் தொடங்கியது. கெல்வினேட்டர், ஆல்வின் எல்லாம் நடுத்தர வர்க்க வீடுகளுக்கு வந்தன. தாம்பரம் பக்கம் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் பிரிட்ஜ். அது சமையலறையில் இல்லை, கூடத்தில் துணி உறை போட்டு நின்றது. விருந்தாளி வந்தால் அம்மா என்னை டம்ளரோடு அங்கே ஐஸ் வாங்க அனுப்புவாள்.

1974இல் மோலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் இந்த வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எழுதினார்கள். 1985இல் அண்டார்டிகாவுக்கு மேல் ஓசோன் மெலிந்துவிட்டதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1992இல் இந்தியா சேர்ந்தது. இங்கே இந்த வாயுவைத் தயாரித்த நான்கு நிறுவனங்களில் ஒன்றான கெம்பிளாஸ்ட் நம் மேட்டூரில் இருந்தது. உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்த நான்குக்கும் சேர்த்து 8.2 கோடி டாலர் ஈட்டுத்தொகை என்று 1999இல் ஒப்பந்தமானது. 2008 ஆகஸ்டில் உற்பத்தி நின்றது.

மனிதகுலம் ஒன்றுகூடிச் சாதித்த அபூர்வமான விஷயம் இது, சந்தேகமே இல்லை. ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் சைக்கிள் கேரியரில் கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு போன ஆளைப் பற்றிச் சொல்வதில்லை. ஆர்-12க்குப் பதில் வந்த ஆர்-134ஏ பழைய கம்ப்ரசரின் கனிம எண்ணெயோடு சேராது. எண்ணெய் வேறு, டிரையர் வேறு. துளி ஈரம் இருந்தாலும் கெடும், அதனால் நல்ல வேக்குவம் பம்ப் வேண்டும். அதைப் பழகி முடிப்பதற்குள் ஆர்-600ஏ வந்துவிட்டது. அது ஐசோபியூட்டேன், சமையல் கேஸுக்குப் பங்காளி. ஒரு பிரிட்ஜுக்கு 50 கிராம் அளவுதான் பிடிக்கும் என்றாலும் தீப்பிடிக்கும். கேஸ் உள்ளே இருக்கும்போது குழாயில் நெருப்பைக் காட்டிப் பற்றவைக்கும் பழைய பழக்கம் ஆளையே கொன்றுவிடும்.

ஒப்பந்தத்தின் பகுதியாக சுவிஸ், ஜெர்மன் உதவியோடு மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி வகுப்புகள் நடந்தது உண்மை. எங்கள் அண்ணனும் ஒரு ஐ.டி.ஐ.யில் சில நாள் போய் உட்கார்ந்திருக்கிறார். “அதுக்கு முன்னாடி கேஸை அப்படியே காத்துல விட்டுடுவோம் தம்பி. மேல ஓட்டை விழுவுதுன்னு யாருக்குத் தெரியும்? தெரிஞ்ச பொறவு விடல. ஆனா புது பம்பு, புது மீட்டரு, தராசு எல்லாம் என் காசு. கடன் அடைய ரெண்டு வருஷம் ஆச்சு” என்றார்.

கேஸ் மாறும்போதெல்லாம் அதற்கு முந்தைய தலைமுறைப் பெட்டிகள் அனாதையாகின. கம்பெனிகள் கைமாறும்போதும் அப்படித்தான். 1995இல் கெல்வினேட்டர் இந்தியா நிறுவனத்தை வேர்ல்பூல் வாங்கியது. வீடுகளில் இருந்த பெட்டிகள் அதற்காக ஓடாமல் நின்றுவிடவில்லை. அவற்றுக்கான கதவு ரப்பரை அளவு பார்த்து வெட்டி ஒட்டிக் கொடுத்தவர்கள், வேறு கம்பெனி தெர்மோஸ்டாட்டைத் துளை போட்டுப் பொருத்தியவர்கள் சந்துகளில் இருந்தார்கள்.

நாற்பத்தொன்பது சென்டிமீட்டர்

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் முதல் மாடி வரை தண்ணீர். பிரிட்ஜ் மிதக்கும் என்று நான் அப்போதுதான் கண்டேன். சுவரெல்லாம் ஃபோம், கதவு இறுகப் பூட்டியது, படகுக்கு என்ன குறை? தண்ணீர் வடிந்தபோது சில பிரிட்ஜ்கள் அடுத்த தெருவில் மல்லாந்து கிடந்தன.

அடுத்த வாரம் தெருவுக்குத் தெரு பிரிட்ஜ்களைக் கதவைத் திறந்து வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். காயலான் கடைக்காரர்கள் வண்டியோடு சுற்றினார்கள். தண்ணீரில் மூழ்கிய மெஷின் செத்த மெஷின் என்று எல்லாரும் நினைத்தோம். அண்ணனின் கடையும் மூழ்கியிருந்தது. ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அவர் சொன்னது ஒன்றைத்தான்: “பிளக் மட்டும் சொருகிடாதீங்க. கம்ப்ரசர் உள்ள தண்ணி போவாது.”

அதுதான் உண்மை. வீட்டு பிரிட்ஜின் கம்ப்ரசர் முழுக்கப் பற்றவைத்து மூடிய இரும்புக் குடுவை. கேஸே வெளியே போக முடியாத இடத்தில் தண்ணீர் எப்படி உள்ளே போகும்? நனைந்தது வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டார்ட்டிங் ரிலே, ஓவர்லோடு, தெர்மோஸ்டாட், வயர் முனைகள். அவற்றை மாற்றி, நன்றாகக் காயவிட்டால் பழைய மாடல்கள் பலவும் ஓடும். எலக்ட்ரானிக் போர்டு வைத்த புதியவைதான் கஷ்டம். சேற்றுத் தண்ணீர் போர்டில் ஏறிவிட்டால் அந்த மாடலின் போர்டே வேண்டும். அந்த மாதம் எத்தனை பெட்டியைப் பிழைக்க வைத்தார் என்று அவர் கணக்கு வைத்திருக்கவில்லை. சரிசெய்த பெட்டிகளில் சில 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இன்னொரு தடவை நனைந்தன, இன்னொரு தடவை அவர் கைக்கே வந்தன என்று மட்டும் சொன்னார்.

எண் சாவது

வருடத்தில் இரண்டு மூன்று முறை அலுவலகத்தில் நான் ஒரு மின்னஞ்சல் எழுதுவதுண்டு: இன்ன வெர்ஷனுக்கு இன்ன தேதியோடு ஆதரவு நிறுத்தப்படுகிறது, புதியதற்கு மாறிக்கொள்ளவும். கண்ணியமான நான்கு வரி. அதைப் படிக்கும் யாரோ ஒருவர் இரவெல்லாம் விழித்திருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. “இந்த மாடல் நின்னு போச்சு சார்” என்ற வார்த்தையை அக்கா முகத்தைப் பார்த்தபடி கேட்டபோதுதான், நான் எழுதும் அந்த வரி தமிழில் எப்படி ஒலிக்கும் என்று தெரிந்தது.

இதற்குச் சட்டத்தில் வழியுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் பிரிட்ஜ், ப்ரீசர்களுக்கு தெர்மோஸ்டாட், சென்சார், போர்டு போன்றவற்றை, அந்த மாடலின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்ததிலிருந்து குறைந்தது 7 வருடம் கிடைக்கச் செய்ய வேண்டும். கதவு ரப்பருக்கு 10 வருடம். இந்தியாவில் 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு இணையதளத்தையும் தொடங்கியது. வீட்டுச் சாதனங்களும் அதன் பட்டியலில் உண்டு. ஆனால் தகவல் தருவது வேறு, பாகம் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது வேறு. அந்த இரண்டாவது வேலை மிச்சமிருக்கிறது. அதுவரை பிஸ்கட் டப்பா வைத்திருக்கும் கடைக்காரரும், பழைய பாகத்தைக் கையில் திருப்பிப் பார்த்தே இனம் காண்பவரும்தான் நம்முடைய ஏழு வருடம், பத்து வருடம் எல்லாம்.

அதையும் நிரந்தரம் என்று நம்ப முடியாது. அண்ணனின் மகன் ஒரு கார் தொழிற்சாலையில் இருக்கிறான். கடைக்கு வர மாட்டான்.

செவ்வாய்க்கிழமை அண்ணன் வந்து இரண்டு வில்லைகளையும் வைத்து, வயர் முனைகளை நன்றாகக் கவ்வ வைத்து, ஈரம் ஏறாமல் உறை போட்டார். ஐஸ் முழுக்க வடியும் வரை காத்திருந்து, டைமரைக் கையால் திருகி, ஹீட்டர் எரிவதையும் பின்பு தானாக நிற்பதையும் அக்காவையே தொட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகுதான் பலகையை மூடினார். கூலி 800 ரூபாய். அக்கா ஆயிரமாகக் கொடுத்து, கூடவே ஒரு பாக்கெட் கட்லெட்டையும் வைத்தாள். “இத எங்க வெக்கிறது? எங்க வீட்டு பிரிட்ஜ் ரிப்பேரும்மா” என்று சிரித்தார்.

அவர் போன பிறகு ப்ரீசரைக் கொஞ்சம் முன்னுக்கு நகர்த்தி, பின்பக்கம் கம்பெனி ஸ்டிக்கருக்குக் கீழே மார்க்கர் பேனாவால் எழுதினேன்: ஃபியூஸ் 72 டிகிரி, 10 ஆம்பியர், 250 வோல்ட். பைமெட்டல் தனியாக மாற்றியது. ஹீட்டர் 330 ஓம். ஃபியூஸ் போனால் பைமெட்டலையும் பார்க்கவும், டைரக்ட் கொடுக்க வேண்டாம். கீழே தேதி.

“யாருக்குடா எழுதுற?” என்றாள் அக்கா.

அடுத்து வர்றவருக்கு என்றேன்.